கணக்கு ஆப்பை மாற்றப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இதையெல்லாம் முடிச்சிடுங்க!

புது போன் வாங்கிய அன்று நான் செய்த முதல் வேலை, பழைய போனை கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தது. காண்டாக்ட்ஸ் வந்துவிட்டன, போட்டோக்கள் வந்துவிட்டன, வாட்ஸ்அப்பும் வந்துவிட்டது. நாலு நாள் கழித்து, மளிகைச் செலவை எழுதலாம் என்று வரவு-செலவு ஆப்பைத் திறந்தால், 'வாங்க, உங்கள் முதல் செலவைச் சேருங்கள்' என்கிறது. மூன்று வருஷக் கணக்கு, துடைத்துவைத்த மாதிரி காலி.

மளிகையும் பெட்ரோலும் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால், சித்தி மகளுக்குக் கொடுத்த கைமாற்றும் அதில்தான் இருந்தது. மூன்று தடவையாக, கையில் ரொக்கமாகக் கொடுத்தது. என் ஞாபகத்தில் அது 40,000 ரூபாய். அவள் ஞாபகத்தில் 25,000. ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எழுதிவைத்தது ஒரே இடத்தில், அந்த இடம் இப்போது இல்லை. கடைசியில் அவள் சொன்னதையே வாங்கிக்கொண்டேன். அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், வாசலோடு பலகாரம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேங்க் ஸ்டேட்மென்ட்தான் இருக்கே, ஆப்ல இருந்தது போனா என்ன என்று நினைப்பவர்கள் நிறைய பேர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால், ஆப்பை அப்டேட் செய்தாலும் சரி, புது போனுக்கோ வேறு மென்பொருளுக்கோ மாறினாலும் சரி, கணக்கு தொலையாமல் மாறுவது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

திரும்பக் கிடைக்கும் கணக்கு, கிடைக்காத கணக்கு

முதலில், உங்கள் ஆப்பில் இருப்பதை மனதுக்குள் ரெண்டாகப் பிரியுங்கள்.

தொலைந்தாலும் திரும்ப வாங்கக்கூடியவை: பேங்க் ஸ்டேட்மென்ட், கிரெடிட் கார்டு பில், யு.பி.ஐ. பரிவர்த்தனைகள். மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு என்றால் கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் மொத்த ஸ்டேட்மென்ட்டையும் இமெயிலுக்கு வரவழைக்கலாம். டீமேட்டில் உள்ள பங்குகளுக்கு என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். இருக்கின்றன. பி.எஃப். பாஸ்புக், வருமான வரித் தளத்தில் 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். என்று அரசு தரப்பிலும் பதிவு இருக்கிறது.

தொலைந்தால் யாரிடமும் கேட்டு வாங்க முடியாதவை: ரொக்கச் செலவு, கைமாற்று, தெரிந்தவர்களிடம் கட்டும் சீட்டு, மொய், வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுத்த அட்வான்ஸ், கொத்தனாருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் வாரா வாரம் கொடுத்த கூலி. கூடவே, ஒவ்வொரு செலவுக்கும் நீங்கள் எழுதிய குறிப்பும், நீங்கள் பிரித்துவைத்த தலைப்புகளும்.

ஏ.டி.எம்-மில் 10,000 ரூபாய் எடுத்தது பேங்குக்குத் தெரியும். அந்த 10,000 எங்கே போனது என்பது உங்கள் ஆப்புக்கு மட்டும்தான் தெரியும்.

வீடு கட்டியவர்களும் விரிவுபடுத்தியவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாளைக்கு வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரி கணக்கிட, எப்போது எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது தேவைப்படும். பில் ஒரு பக்கம், அதற்கான கணக்கு ஒரு பக்கம் என்று ரெண்டும் கையில் இருந்தால்தான் ஆடிட்டரிடம் பேச முடியும்.

ஆக, மாற்றத்தின்போது முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த ரெண்டாவது பட்டியலைத்தான். நேரமே இல்லை என்றால்கூட, கைமாற்று, சீட்டு, மொய் இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

உங்க டேட்டா எங்கே இருக்கு?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அப்டேட் பட்டனைத் தொடாதீர்கள். மூன்று வாய்ப்புகள் உண்டு.

1. போனுக்குள் மட்டும்: இணையம் இல்லாமலேயே வேலை செய்யும், லாகின் கேட்காத பல ஆப்கள் இந்த வகை. போன் போனால் கணக்கும் போச்சு.

2. நிறுவனத்தின் க்ளவுடில்: லாகின் செய்தால் எந்த போனிலும் கணக்கு வரும். ஆனால், லாகின் கேட்கும் எல்லா ஆப்பும் கணக்கை க்ளவுடில் வைப்பதில்லை. சிலவற்றில் சிங்க் வசதி, காசு கட்டியவர்களுக்கு மட்டும்தான். செட்டிங்ஸில் 'பேக்கப்' அல்லது 'சிங்க்' பகுதியைத் திறந்து, கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது என்று பாருங்கள். தேதியே இல்லையென்றால், பேக்கப்பும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாக: எக்ஸெல், க்னூகேஷ், டேலி பயன்படுத்துபவர்கள் இந்த வகை. கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

'ஆண்ட்ராய்டு தானாவே பேக்கப் எடுக்குமே?' எடுக்கும். ஆனால், ஒரு ஆப்புக்கு 25 எம்.பி. வரைதான். ஆப்பை உருவாக்கியவர்கள் இந்த வசதியை முழுக்க நிறுத்திவைக்கவும் முடியும். பண விவகாரம் என்பதால் சிலர் வேண்டுமென்றே நிறுத்திவைப்பதும் உண்டு. அதை நம்பி உட்காராதீர்கள்.

இன்னொரு வலை இருக்கிறது. சில ஆப்கள் பேக்கப் கோப்பையும் தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே போட்டுவைக்கும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் ஆண்ட்ராய்டு அந்த ஃபோல்டரையும் சேர்த்தே அழித்துவிடும். 'பேக்கப் எடுத்தேனே, காணோமே' என்று தேடுபவர்களில் பலர் இப்படி மாட்டியவர்கள்தான். பேக்கப் எடுத்ததும் அந்தக் கோப்பை போனைவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

ஐபோனில் 'டெலிட்' வேறு, 'ஆஃப்லோடு' வேறு. ஆஃப்லோடு செய்தால் ஆப் மட்டும் போகும், டேட்டா இருக்கும். டெலிட் செய்தால் போனில் இருக்கும் டேட்டாவும் போய்விடும். இடம் இல்லை என்று அவசரத்தில் அழிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட், புது பதிப்பு, புது ஆப்: மூணும் ஒண்ணு இல்லை

சின்ன அப்டேட்டில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஆனால், பெரிய பதிப்பு மாறும்போது மென்பொருள் உங்கள் பழைய கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றிவிடும். அதற்குப் பிறகு பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். கடைக்கணக்குக்குப் பலரும் பயன்படுத்தும் டேலிபிரைமில் 3.0 பதிப்பு வந்தபோது, பழைய கம்பெனி டேட்டாவை மைக்ரேட் செய்ய வேண்டியிருந்தது. மாற்றிய டேட்டாவைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. இலவச மென்பொருளான க்னூகேஷிலும், புதுப் பதிப்பின் சில வசதிகளைப் பயன்படுத்திவிட்டால் பழைய பதிப்பு அந்தக் கோப்பைத் திறக்க மறுத்துவிடும். இது ஒருவழிப் பாதை. அதனால், மாற்றுவதற்கு முந்தைய பிரதி ஒன்று தனியாக இருந்தே ஆக வேண்டும்.

போனிலும் இதே கதைதான். 'புது வெர்ஷன் பிடிக்கலை, பழசுக்கே போயிடலாம்' என்றால், ஆண்ட்ராய்டு புதியதன் மேல் பழையதை இன்ஸ்டால் செய்ய விடாது. அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத்தான் போட வேண்டும். அதோடு டேட்டாவும் போய்விடும். ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், ஆட்டோ அப்டேட்டை அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் நிறுத்திவைக்கலாம். பேக்கப் எடுக்கும் வரை நிறுத்திவையுங்கள். எடுத்த பிறகு அப்டேட் செய்துவிடுங்கள், ஏனென்றால் பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வரும்.

ஒரு ஆப்பிலிருந்து முற்றிலும் வேறு ஆப்புக்குப் போவதுதான் இருப்பதிலேயே சிக்கலானது. அதில் பேக்கப் மட்டும் போதாது.

பேக்கப் வேற, எக்ஸ்போர்ட் வேற

பேக்கப் என்பது முழுக் கணக்கின் அச்சு அசல் பிரதி. பட்ஜெட், மாதாமாதம் தானாக வரும் பதிவுகள், பில் போட்டோ என்று பெரும்பாலும் எல்லாமே அதில் இருக்கும். ஆனால், அந்த ஒரு ஆப்பால் மட்டும்தான் அதைத் திறக்க முடியும். ஆப்பே இல்லையென்றால், பூட்டு இல்லாத சாவி மாதிரி கையில் கிடக்கும்.

எக்ஸ்போர்ட் என்பது எக்ஸெல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுப்பது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், வேறு ஆப்பிலும் ஏற்றலாம். ஆனால், தேதி, தொகை, தலைப்பு, குறிப்பு இவ்வளவுதான் வரும். பில் போட்டோவும் பட்ஜெட்டும் வராது.

அதனால் ரெண்டையும் எடுங்கள். முடிந்தால் மூன்றாவதாக, வருஷ வாரியான ரிப்போர்ட்டை பி.டி.எஃப்-ஆகவும் சேமியுங்கள். பத்து வருஷம் கழித்து எந்த ஆப்பும் இல்லையென்றாலும் பி.டி.எஃப்-ஐப் படித்துவிடலாம்.

க்னூகேஷ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: நீங்கள் சேமித்துவைத்த ரிப்போர்ட் வடிவங்களும் செட்டிங்ஸும் கணக்குக் கோப்புக்குள் இருக்காது. அவை கம்ப்யூட்டரில் வேறு ஃபோல்டரில் இருக்கும். கணக்குக் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால், புதுக் கம்ப்யூட்டரில் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மாறுவதற்கு ஏழு படிகள்

1. பழைய ஆப்பில் எல்லாக் கணக்குகளின் இன்றைய இருப்பையும் ஒரு தாளில் எழுதுங்கள். கை ரொக்கம், ஒவ்வொரு பேங்க், கார்டு பாக்கி, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள். சரிபார்க்க இந்தத் தாள்தான் ஆதாரம்.

2. பேக்கப், எக்ஸ்போர்ட் ரெண்டையும் எடுத்து, பெயரில் தேதியைச் சேருங்கள். 'பேக்கப் புதுசு', 'பேக்கப் கடைசி' என்று பெயர் வைத்தால், ஆறு மாசம் கழித்து எது கடைசி என்று உங்களுக்கே தெரியாது.

3. கோப்பை ரெண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று க்ளவுடில், ஒன்று பென் டிரைவிலோ வீட்டுக் கம்ப்யூட்டரிலோ. ஒரு எச்சரிக்கை: ரெண்டு வருஷம் தொடாமல் விட்ட கூகுள் கணக்குகளை அழிக்கும் விதியை கூகுள் 2023-ல் அறிவித்தது. பேக்கப்புக்கென்றே தனி ஜிமெயில் திறந்து மறந்துவிட்டவர்கள் கவனியுங்கள்.

4. எக்ஸ்போர்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் பதிவும் கடைசிப் பதிவும் இருக்கிறதா? சில ஆப்களில் 'இந்த மாதம்' மட்டும் தேர்வாகியிருக்கும். கவனிக்காமல் எடுத்தால் மூன்று வருஷத்துக்குப் பதில் முப்பது நாள்தான் கிடைக்கும்.

5. புது ஆப்பில் ஒரே ஒரு மாதக் கணக்கை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள். தப்பாக வந்தால் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம். மூவாயிரம் பதிவுகளை ஒரேயடியாக ஏற்றிவிட்டுத் தப்பைக் கண்டுபிடித்தால், அழுகைதான் வரும்.

6. சரியாக வந்தால் மொத்தத்தையும் ஏற்றி, முதல் படியில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள்.

7. ஒரு மாதம் ரெண்டு ஆப்பிலும் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால், மாதக் கடைசியில் ரெண்டும் ஒரே இருப்பைக் காட்டினால்தான் பழையதை நிம்மதியாக அழிக்க முடியும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதும் அதற்குப் பிறகுதான்!

சி.எஸ்.வி. கோப்பில் எங்கெல்லாம் தப்பு வரும்?

தேதி: 05/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க முறையில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு அது மே 4. 12-ம் தேதி வரையிலான பதிவுகள் சத்தமில்லாமல் மாதம் மாறி உட்கார்ந்துவிடும். 13-ம் தேதியிலிருந்து உள்ளவை தேதியாகவே ஏற்கப்படாது. ஏற்றும்போது 'நாள்/மாதம்/வருஷம்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். சரிபார்க்க, 12-ம் தேதிக்குள் உள்ள பதிவு ஒன்றையும், 12-க்கு மேல் உள்ளது ஒன்றையும் பாருங்கள்.

தமிழ் எழுத்து: குறிப்புகளைத் தமிழில் எழுதுபவர்கள் சி.எஸ்.வி. கோப்பை எக்ஸெல்லில் நேராக டபுள் கிளிக் செய்து திறந்தால், சில சமயம் புரியாத குறியீடுகளாகத் தெரியும். பதறி அந்த நிலையிலேயே சேமித்துவிடாதீர்கள். சேமித்தால் கெட்டது கெட்டபடியே நிலைத்துவிடும். மூடிவிட்டு, எக்ஸெல்லின் 'டேட்டா' மெனு வழியாக அந்தக் கோப்பைக் கொண்டுவந்து, யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்வு செய்தால் தமிழ் தமிழாகவே வரும்.

நீண்ட எண்கள்: யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணுக்கு 12 இலக்கம். எக்ஸெல் அதைச் சுருக்கி, நடுவில் ஒரு 'ஈ' போட்டுக் காட்டும். எண் 15 இலக்கத்தைத் தாண்டினால் அதற்கு மேல் உள்ள இலக்கங்களை பூஜ்யமாக்கிவிடும். பேங்க் அக்கவுன்ட் எண்ணின் தொடக்கத்தில் உள்ள பூஜ்யங்களும் காணாமல்போகும். இந்த எண்கள் உள்ள பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி ஏற்றுங்கள்.

காற்புள்ளி: 1,25,000 என்று எழுதினால், காற்புள்ளியை வைத்தே பத்தி பிரிக்கும் சி.எஸ்.வி-யில் அது மூன்று துண்டாகிவிட வாய்ப்புண்டு. தொகையைக் காற்புள்ளி இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்வது நல்லது.

வரவு, செலவு: சில ஆப்கள் செலவுக்கு மைனஸ் போடும், சில, 'வரவு', 'செலவு' என்று தனிப் பத்தி வைக்கும். மாறிவிட்டால் உங்கள் வாடகை எல்லாம் வருமானமாகத் தெரியும்.

ஒரே பணம் ரெண்டு முறை: பேங்கிலிருந்து எடுத்துக் கை ரொக்கத்தில் வைத்தது செலவு ஆகாது, இடமாற்றம்தான். புது ஆப்புக்கு இது புரியாவிட்டால் ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் வரவு என்று கணக்கு வீங்கிவிடும். அதேபோல, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழியாகவோ எஸ்.எம்.எஸ். வழியாகவோ பேங்க் பதிவுகளைத் தானாக எடுக்கும் ஆப் என்றால், நீங்கள் ஏற்றிய பழைய பதிவும் அது எடுத்த பதிவும் ரெட்டையாக நிற்கும். பழைய கணக்கு எந்தத் தேதியோடு முடிகிறதோ, அதற்கு அடுத்த நாளிலிருந்து மட்டும் தானாக எடுக்கும்படி வையுங்கள்.

எக்ஸெல்லின் பழைய வடிவமான எக்ஸ்.எல்.எஸ். கோப்பையே வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் 65,536 வரிகள்தான் கொள்ளும். 2020-ல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை இந்தப் பழைய வடிவத்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளை ஏற்றியதில், 15,841 தொற்றுகள் கணக்கிலிருந்தே விடுபட்டுப்போயின. அரசாங்கத்துக்கே அந்தக் கதி. வீட்டுக் கணக்கு அவ்வளவு வரிகளைத் தொடாது என்றாலும், ஏற்றியதும் வரிகளை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

டேலி ஆகுதா?

மூன்று எண்களைச் சரிபார்த்தால் போதும். மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு கணக்கின் இருப்பு. ஏதாவது ஒரு பழைய மாதத்தின் மொத்தச் செலவு. மூன்றும் பழைய ஆப்போடு ஒத்துப்போனால் கணக்கு பத்திரமாக வந்துவிட்டது என்று நம்பலாம். கூடவே, நீங்களே எழுதிய குறிப்புகள் ஐந்தைத் தேடிப் பாருங்கள்.

இருப்பில் வித்தியாசம் வந்தால், அந்தத் தொகையைப் பாதியாக்கிப் பாருங்கள். வித்தியாசம் 9,000 என்றால், 4,500 ரூபாய் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். செலவு வரவாக மாறி உட்கார்ந்தால் வித்தியாசம் சரியாக ரெண்டு மடங்காகத்தான் வரும். அப்படி எதுவும் இல்லை, வித்தியாசத் தொகை அப்படியே ஒரு பதிவாக இருக்கிறது என்றால், அந்தப் பதிவு விடுபட்டிருக்கலாம் அல்லது ரெட்டையாக ஏறியிருக்கலாம்.

எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகணுமா?

கட்டாயம் இல்லை. கடைக்காரர்கள் புதுக்கணக்கு போடும்போது பழைய பேரேட்டை முழுக்கப் பார்த்து எழுதுவதில்லை. பிள்ளையார் சுழி போட்டு, பழைய நோட்டின் கடைசி இருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். தேவைப்பட்டால் எடுத்துப் பார்க்கலாம்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். புது ஆப்பில் தொடக்க இருப்பையும் நிலுவையில் உள்ள கைமாற்று, சீட்டு விவரங்களையும் மட்டும் எழுதுங்கள். பழைய வருஷங்கள் எக்ஸெல்லாகவும் பி.டி.எஃப்-ஆகவும் பத்திரமாக இருக்கட்டும். இப்படி மாறுவதற்கு ஏப்ரல் 1 நல்ல நாள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிந்துவிடுவதால், வரிக் கணக்குக்குத் தேவையான ஒரு முழு வருஷம் ஒரே இடத்தில் இருக்கும். அதுவரை காத்திருக்க முடியாதென்றால், ஏதாவது ஒரு மாதத்தின் முதல் தேதி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஜூலை மாதப் பரபரப்பில் மட்டும் வேண்டாம்.

ஐயோ, ஏற்கெனவே போயிடுச்சே!

பதறாதீர்கள். முதலில், காலியாக இருக்கும் ஆப்பில் ஆட்டோ பேக்கப்பை நிறுத்துங்கள். இல்லையென்றால், காலிக் கணக்கையே பேக்கப் எடுத்து, க்ளவுடில் இருக்கும் நல்ல பேக்கப்பின் மேல் எழுதிவிடும் அபாயம் உண்டு.

அடுத்து, எந்த இமெயிலில் லாகின் செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வீட்டுக்கு ஒரு ஜிமெயில், ஆபீஸுக்கு ஒரு ஜிமெயில் வைத்திருப்பவர்கள் மாற்றி லாகின் செய்துவிட்டு, கணக்கு போச்சு என்று கலங்குவது சாதாரணமாக நடப்பது. பழைய போன் கையில் இருந்தால் ரீசெட் செய்யாமல் அப்படியே வையுங்கள். கூகுள் டிரைவின் 'டிராஷ்' பகுதியில் தேடுங்கள். அழித்த கோப்பு 30 நாள் வரை அங்கே இருக்கும். எக்ஸெல் கோப்பின் மேல் தெரியாமல் சேமித்துவிட்டால், டிரைவில் பழைய பதிப்புகளையும் 30 நாளுக்குள் எடுக்கலாம். க்னூகேஷ் வழக்கமான கோப்பு முறையில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதே ஃபோல்டரில் தேதி, நேரத்தோடு ஒரு பிரதி வைக்கும், அங்கே பாருங்கள்.

எதுவுமே கிடைக்கவில்லையா? பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, ஏ.டி.எம்-மில் பணம் எடுத்த தேதிகளைக் குறியுங்கள். அந்தத் தேதிகளைச் சுற்றி வாட்ஸ்அப் சாட்களைத் தேடுங்கள். 'பணம் கிடைச்சுது', 'அடுத்த மாசம் தந்துடறேன்' என்று யாராவது எழுதியிருப்பார்கள். என் 40,000-ல் ஒரு 10,000-க்கான தடயம் அப்படித்தான் கிடைத்தது. ஆனால், அதற்குள் பணம் வாங்கி முடித்து, இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தோம்.

நல்லா ஓடுற ஆப்பும் நிற்கும்

நீங்கள் மாற விரும்பாவிட்டாலும் ஒருநாள் மாற வேண்டிவரும். உலகம் முழுக்கப் பயன்பட்ட மைக்ரோசாஃப்ட் மணி மென்பொருளின் விற்பனை 2009-ல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் பிரபலமாக இருந்த மின்ட், 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அதை நடத்திய இன்ட்யூட், பயனாளர்களைத் தன் இன்னொரு சேவையான கிரெடிட் கர்மாவுக்கு வரச் சொன்னது. ஆனால், பலரும் நம்பியிருந்த மாத பட்ஜெட் வசதி அங்கே இல்லை. இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இப்படி என்றால், ரெண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஆப்புக்கு என்ன உத்தரவாதம்? புது ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே, 'உள்ளே ஏற்ற முடியுமா' என்பதோடு 'வெளியே எடுக்க முடியுமா' என்றும் பாருங்கள். எக்ஸ்போர்ட் வசதிக்குக் காசு கேட்டால், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பூட்டும் முக்கியம்

எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் உங்கள் சம்பளம், கடன், அக்கவுன்ட் விவரம் எல்லாம் பட்டவர்த்தனமாக இருக்கும். ஆப்புக்கு இருந்த பின் நம்பர் அந்தக் கோப்புக்குக் கிடையாது. எக்ஸெல்லிலேயே பாஸ்வேர்டு போடலாம், போட்டுவிட்டு வையுங்கள். குடும்ப குரூப்பில் போட்டுவைப்பது, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டு வருவது எல்லாம் வேண்டாம்.

'உங்கள் ஆப்பை உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று எஸ்.எம்.எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே தொடாதீர்கள். அப்டேட் என்றால் ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாக மட்டும்தான். தெரியாமல் தொட்டுப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் பேங்குக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

பழைய ஆப்பை அழிக்கும் முன் மூன்று வேலைகள்: கட்டணச் சந்தாவை ரத்து செய்வது, அக்கவுன்ட் அக்ரிகேட்டரில் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது, ஆப்புக்குள் இருக்கும் 'அக்கவுன்ட்டை அழி' என்பதைத் தேர்வு செய்வது. ஆப்பை மட்டும் அழித்தால் சந்தா தொடர்ந்து பிடிக்கப்படும். உங்கள் விவரமும் அவர்களிடமே இருக்கும்.

கடைசியாக ஒன்று. பேக்கப் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், யாரிடமிருந்து எவ்வளவு வரணும் என்பது ஒரே ஒருவர் போனுக்குள் பூட்டிக் கிடந்தால், அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும் நாளில் குடும்பமே தவித்துவிடும்.

இப்போது நான் மாதம் ஒருமுறை, ஒண்ணாம் தேதி, வாடகை அனுப்பிய கையோடு எக்ஸ்போர்ட் எடுத்துவிடுகிறேன். ரெண்டு நிமிஷ வேலை. கைமாற்று கொடுத்தால், ஆப்பில் எழுதுவதோடு, 'இன்னைக்கு 5,000 கொடுத்தேன்' என்று வாங்கியவருக்கே ஒரு மெசேஜும் போட்டுவிடுகிறேன். இனி ரெண்டு பேர் ஞாபகத்தில் ரெண்டு தொகை இருக்க வேண்டியதில்லை, பாருங்கள்!